வேலைக்குப் போகும் அம்மாவும் கோடை விடுமுறையும்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேளச்சேரியில் அடுக்குமாடி வீடு. பதினொரு வயதில் மகள், ஆறு வயதில் மகன். கணவன், மனைவி இருவருக்கும் வேலை. நீங்கள் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ஆறரை ஆகிவிடுகிறது. மாமியார் கூடவே இருக்கிறார், ஆனால் அவருக்கு முழங்கால் வலி. ஏப்ரல் கடைசியில் பள்ளி மூடினால் ஜூன் தொடக்கம் வரை பிள்ளைகளுக்குப் போரடிக்காமல் இருக்க என்னென்ன ஏற்பாடு செய்யலாம், கோடையை நீங்களும் கொஞ்சம் சந்தோஷமாகக் கழிக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் தாம்பரம் பக்கம் ஒரு குழந்தைகள் காப்பகம் நடத்துகிறேன். மார்ச் பிறந்தாலே இதே கேள்வியோடு அம்மாக்கள் வருவார்கள். பெரும்பாலும் அவர்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கும்: கீபோர்டு வகுப்பு, அபாகஸ், ஓவியம், ஸ்கேட்டிங். அந்தப் பட்டியலைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிடுங்கள். பள்ளி இருக்கும்போது தினமும் ஆறேழு மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, அவர்களுக்கு ஒரு நேர ஒழுங்கு கொடுப்பது, பேச்சுத்துணைக்குக் கூட்டாளிகளைக் கொடுப்பது எல்லாம் பள்ளியின் பொறுப்பில் நடக்கின்றன. விடுமுறை விட்டதும் அத்தனையும் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. வீட்டுக்கு என்றால் வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் என்று பொருள் வர வேண்டும். வருவதில்லை, அம்மாவின் தலையில்தான் வந்து விழுகின்றன. மத்திய அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் என்று வந்தது. பள்ளி நடக்கும் நாட்களையும் சேர்த்த கணக்கு இது. அதன் மேல் மே மாதத்தை ஏற்றிப் பாருங்கள். அதனால் இந்தப் பொறுப்பை எப்படிப் பிரிப்பது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

ஏப்ரல் முதல் வாரத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர், அத்தை, பிள்ளைகள் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். விடுப்பு எடுப்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம். பல வீடுகளில் ஊருக்குப் போக இருவரும் ஒன்றாக ஒரு வாரம் எடுக்கிறார்கள், மிச்ச நாட்களில் ஏதாவது அவசரம் என்றால் அம்மா மட்டுமே லீவு போடுகிறார். ஊருக்குப் போகும் நாட்களைக் குறைத்துக்கொண்டு, கணவர் ஒரு வாரத்தில் இரண்டு நாள், நீங்கள் அடுத்த வாரத்தில் இரண்டு நாள் என்று மாற்றி மாற்றிப் போட்டால் மே மாதத்தின் பெரும்பகுதிக்கு வாரத்தில் இரண்டு நாளாவது வீட்டில் அப்பாவோ அம்மாவோ இருப்பார்கள். அவர் வீட்டில் இருக்கும் நாளில் சமையல், குளியல், சண்டை தீர்ப்பது எல்லாம் முழுக்க அவர் பொறுப்பு. நீங்கள் அலுவலகத்திலிருந்து போன் செய்து ‘ஃபிரிட்ஜில் இரண்டாம் தட்டில் குழம்பு இருக்கிறது’ என்று வழி சொல்லிக்கொண்டே இருந்தால் வேலை கை மாறவே இல்லை என்றுதான் அர்த்தம். முதல் நாள் தடுமாறட்டும், பிள்ளைகள் ஒருவேளை பிரெட்டும் ஜாமும் சாப்பிடட்டும். ஒன்றும் ஆகாது.

உங்கள் அலுவலகத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. 50 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால், சட்டப்படி அங்கே குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்து வரவும் அனுமதிக்க வேண்டும். எந்த வயது வரை சேர்த்துக்கொள்கிறார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும், ஆறு வயதுப் பையனுக்கு இடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனாலும் மனிதவளப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். கேட்பவர்களே இல்லை என்பதால் பல இடங்களில் இது பேச்சளவில் நின்றுவிடுகிறது.

அத்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முழங்கால் வலி உள்ளவரை ஆறு வயதுப் பையன் பின்னால் ஓட வைக்கக் கூடாது. அவரால் நன்றாகச் செய்ய முடிந்ததைக் கேளுங்கள்: உட்கார்ந்த இடத்தில் கதை சொல்வது, பல்லாங்குழி ஆடுவது, மதியச் சாப்பாட்டைத் தட்டில் போட்டுக் கொடுப்பது. ஓடியாடும் வேலைக்கு, முடிந்தால் பகல் பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை அக்கம்பக்கத்தில் நம்பிக்கையான ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது கட்டுப்படியாகாது என்றால் உங்கள் அடுக்குமாடியிலேயே இதே நிலையில் இன்னும் மூன்று நான்கு அம்மாக்கள் இருப்பார்கள். வாரத்தில் ஒரு நாள் ஒரு வீடு என்று முறை வைத்தால் ஆளுக்கு ஒரு நாள் வேலை, மிச்ச நாள் நிம்மதி. எங்கள் காப்பகத்துக்கு வரும் அம்மாக்கள் சிலர் சனிக்கிழமைகளில் இப்படித்தான் செய்கிறார்கள், நன்றாகவே நடக்கிறது.

பதினொரு வயது மகளைத் தம்பிக்குக் காவல் வைத்துவிடாதீர்கள். இது என் மனதில் ஆழமாக இருக்கும் விஷயம். பெண் பிள்ளை என்றாலே ‘தம்பியைப் பார்த்துக்கோ’ என்று ஒப்படைத்துவிட்டுப் போவது நம் வீடுகளில் சர்வ சாதாரணம். அவளுக்கும் அது விடுமுறைதான். அளவான, முடிவுள்ள வேலைகளைக் கொடுங்கள், அதே மாதிரி தம்பிக்கும் கொடுங்கள். அவள் காய்ந்த துணியை மடிக்கட்டும், அவன் செடிக்குத் தண்ணீர் ஊற்றட்டும், சாப்பிட்ட தட்டை இருவருமே கழுவட்டும்.

அடுத்தது நேரம். கோடையில் கடிகாரத்தை விட்டுவிட்டு வெயிலைப் பார்த்து நாளை அமைக்க வேண்டும். கத்திரி வெயில் மே 4ஆம் தேதி வாக்கில் தொடங்கி 28, 29 வரை இருக்கும். சென்னையில் மதியத்துக்கு முன்பே கடல்காற்று உள்ளே வந்துவிட்டால் அன்றைய நாள் தாங்கும்படி இருக்கும், தாமதமானால் வீடு கொதிக்கும். எப்படியானாலும் பதினொன்றிலிருந்து நான்கு வரை பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்கட்டும். அதற்கு ஈடாகக் காலையைத் தாராளமாகத் திறந்துவிடுங்கள். விடுமுறைதானே என்று எட்டரை வரை தூங்கவிட்டால் அன்றைக்கு வெளியே விளையாடும் நேரமே போய்விடும். ஐந்தரைக்கு எழுப்பி, ஆறு மணிக்கு மாடியிலோ பூங்காவிலோ ஒன்றரை மணி நேரம் ஓடவிடுங்கள். அந்த நேரத்தை அப்பாவின் நேரமாக ஆக்கிவிட்டால் சமையலறையில் நீங்கள் தொந்தரவில்லாமல் வேலையை முடிக்கலாம். காலையில் உடம்பு களைத்த பிள்ளை மதியம் தானாகவே அடங்கும், அத்தைக்கும் நிம்மதி.

மதியத்துக்கு மேற்குப் பக்க ஜன்னலைத் திரை போட்டு மூடி, ஒரே அறையில் பாய் விரித்துவிடுங்கள். ஈரத் துணியை ஜன்னலில் தொங்கவிடும் வழக்கம் வேலூர், மதுரை மாதிரி வறண்ட வெயில் அடிக்கும் ஊர்களுக்குப் பலன் தரும். சென்னையில் காற்றிலேயே ஈரம் மிகுதி, புழுக்கம்தான் கூடும். ஏசி இருந்தால் எல்லோரும் அந்த ஓர் அறையிலேயே இருந்துகொள்ளுங்கள். 26 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் ஓடவிட்டால் போதுமான குளிர்ச்சி கிடைக்கும். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட்தான் இலவசம், அதற்கு மேல் ஏற ஏற யூனிட் விலையும் ஏறுகிறது என்பதால் இரண்டு அறைகளில் ஏசி ஓடினால் பில் எகிறிவிடும்.

தாயம், பரமபதம், ஆடுபுலி ஆட்டம், சொட்டாங்கல் எல்லாம் வெயிலுக்கு ஒதுங்கி ஆடுவதற்கென்றே இருக்கும் விளையாட்டுகள். ஒரு சாக்பீஸ் இருந்தால் தரையிலேயே கட்டம் வரைந்துகொள்ளலாம். டிவி, செல்போன் பற்றிக் கேட்டால், அறவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் வீட்டில் இல்லாதபோது அப்படி ஒரு விதியைக் காப்பாற்றும் வேலை பாட்டியின் தலையில் விழும். மூன்று மணியிலிருந்து நாலரை வரை என்று நேரம் குறித்துவிடுங்கள். வெயில் இன்னும் தணியாத நேரம், பாட்டியும் கண் அசர விரும்பும் நேரம் அது. மற்ற நேரத்தில் ‘போரடிக்குது’ என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். சும்மா இருந்து இருந்துதான் அட்டைப்பெட்டியில் வீடு கட்டுவதும் தலையணையில் ரயில் ஓட்டுவதும் பிறக்கின்றன. அதற்கு நீங்கள் ஏற்பாடு செய்ய ஒன்றுமே இல்லை.

சமையலறைக்கு வருவோம், கோடையில் அம்மாக்களின் உயிரை எடுப்பது இதுதான். பள்ளி நாட்களில் டிபன் பாக்ஸ் கட்டியதோடு முடிந்துவிடும். விடுமுறையில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் ‘அம்மா, சாப்பிட என்ன இருக்கு?’ என்று கேட்பார்கள். நீங்கள் அலுவலகத்தில் இருந்தால் அந்தக் கேள்வி பாட்டிக்குப் போகும், அவர் வலியோடு எழுந்து அடுப்படிக்குப் போவார். இதற்கு ஒரே வழி, காலையிலேயே அன்றைய நொறுக்குத்தீனியை ஒரு கூடையில் போட்டு மேசைமேல் வைத்துவிடுவது. வேர்க்கடலை, பொரி, முறுக்கு, வாழைப்பழம், வெள்ளரிப்பிஞ்சு, ஒரு டப்பாவில் நறுக்கிய மாங்காய். எப்போது எடுப்பது, எவ்வளவு எடுப்பது என்பது அவர்கள் பாடு. கூடை காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். ஒரு வாரத்துக்குள் அவர்களாகவே பங்கு போட்டுக்கொள்ளப் பழகிவிடுவார்கள்.

அடுப்பை ஏழரை மணிக்குள் அணைத்துவிட வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். குக்கரில் அடுக்கு வைத்து அடியில் பருப்பு, நடுவில் சாதம், மேலே காய் என்று ஒரே வேகவைப்பில் முடியும். இரவுக்குத் தயிர்சாதமும் துவையலும், அல்லது தோசையும் பொடியும். மே மாதம் முழுக்க இரண்டு பொரியல், ரசம், கூட்டு என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம் என்பதையும் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். வெயிலில் வயிறு கேட்பதும் எளிய சாப்பாடுதான். பழைய சோறும் சின்ன வெங்காயமும் மோரும், கேழ்வரகுக் கூழ், கம்மங்கூழ் என்று நம் பக்கத்துக் கோடைச் சாப்பாடு எல்லாமே முந்தின நாளே வேலை முடிந்துவிடும் சாப்பாடு. காலையில் எழுந்து கரைத்துக் கொடுத்தால் போதும்.

இந்த வெயிலில் மாவு பொங்கும் வேகம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ராத்திரி அரைத்து வெளியே வைத்தால் விடிவதற்குள் புளித்து வழியும். மாலை ஆறரைக்கு வந்ததும் அரைத்து, படுக்கப் போகும்போது ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். உளுந்தும் அரிசியும் ஊற வைக்கும் வேலையை மதியம் மகள் செய்துவிடுவாள். மோர், பானகம் கலக்கவும் அவளுக்குக் கற்றுக்கொடுங்கள், அடுப்பே வேண்டாத வேலை. வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி எலுமிச்சை பிழிந்து சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டால் பானகம். காலையிலேயே ஒரு மண்பானையில் தண்ணீர் நிரப்பி வெட்டிவேரை ஒரு துணியில் முடிந்து போட்டுவைத்தால் பிள்ளைகள் குளிர்பானம் கேட்பது தானாகக் குறையும்.

மாம்பழம் வாங்கும்போது மட்டும் கவனம். கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை, இருந்தாலும் நடக்கிறது. தோல் முழுக்க ஒரே மாதிரி பளபளவென்று மஞ்சளாக இருந்து, முகர்ந்தால் வாசனையே இல்லாவிட்டால் அதைத் தொடாதீர்கள். நல்ல காயாக வாங்கி வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ வைத்தால் சில நாளில் வீட்டிலேயே பழுக்கும். தினமும் போய் எது பழுத்திருக்கிறது என்று முகர்ந்து பார்ப்பது ஆறு வயதுப் பையனுக்குப் பிடித்த வேலையாகிவிடும்.

வடாம் போடும் ஆசை உண்டா? கோடைக்கே உரிய சந்தோஷம் என்று எனக்குப் படுவது இதுதான். வேலை அதிகம் என்று பயப்படாதீர்கள், வருஷத்துக்குத் தேவையான மொத்தத்தையும் போட வேண்டும் என்று நினைப்பதால்தான் மலைப்பாக இருக்கிறது. கால் கிலோ ஜவ்வரிசி போதும். சனிக்கிழமை இரவு ஊறப் போட்டு, ஞாயிறு விடியலில் உப்பும் பச்சைமிளகாய் விழுதும் சேர்த்துக் கண்ணாடி போல் ஆகும் வரை காய்ச்சி, எலுமிச்சை பிழிந்து இறக்குங்கள். வெயில் ஏறுவதற்குள் மொட்டைமாடியில் வேட்டியையோ கெட்டிப் பிளாஸ்டிக் தாளையோ விரித்து ஆளுக்கு ஒரு கரண்டியாக ஊற்றலாம். வட்டம் வராது, வராவிட்டால் என்ன? கூழ் பதத்தை அத்தை பார்த்துச் சொல்வார், காக்காய் விரட்டும் வேலை பையனுக்கு, மாலை நாலரைக்கு மேல் திருப்பிப் போடும் வேலை மகளுக்கு. இரண்டு மூன்று வெயிலில் காய்ந்துவிடும். பாதி காய்ந்ததுமே பிள்ளைகள் பிய்த்துத் தின்றது போக மிச்சம் டப்பாவுக்கு வரும்.

உடம்பு விஷயம் ஒன்றிரண்டு. தாகம் எடுக்கும் வரை காத்திராமல் தண்ணீர் குடிக்க வேண்டும். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் மருந்துக்கடை ஓஆர்எஸ் பொடி கைவசம் இருக்கட்டும். இல்லாத நேரத்தில் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு மட்டமான தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது. வெயிலில் விளையாடிய பிள்ளைக்கு உடம்பு நெருப்பாகச் சுட்டு, பேச்சு குழறினாலோ மயக்கம் வந்தாலோ நிழலுக்குத் தூக்கிவந்து உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108க்கு அழையுங்கள். நினைவில்லாத பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. இந்த எண்ணும் உங்கள் இருவர் எண்ணும் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்க வேண்டும், பாட்டிக்குக் கண்ணாடி தேடும் நேரம் இருக்காது.

வெளியே போவதைப் பற்றி. வேளச்சேரியில் இருக்கும் உங்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. பறக்கும் ரயிலில் ஏறினால் கோட்டூர்புரத்தில் இறங்கலாம். அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிள்ளைகளுக்கென்றே ஒரு தளம் இருக்கிறது, குளுகுளுவென்று இருக்கும், காசு கிடையாது. நீங்கள் உங்களுக்குப் பிடித்த புத்தகத்தோடு இரண்டு மணி நேரம் உட்காரலாம், யாரும் கூப்பிட மாட்டார்கள். பக்கத்திலேயே 1988இல் திறந்த பிர்லா கோளரங்கம். எழும்பூர் அருங்காட்சியகம் 1851லிருந்து இருக்கிறது, பாதிச் சென்னைக்காரர்கள் பள்ளிச் சுற்றுலாவோடு சரி, திரும்பிப் போனதே இல்லை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் உங்களுக்கும் மகளுக்கும் டிக்கெட் இல்லை, பையனுக்கு மட்டும் எடுத்தால் போதும். மாதத்தில் இரண்டு முறை இப்படிப் போனால் தாராளம்.

ஊருக்குப் போவதென்றால் ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, 2024 நவம்பரிலிருந்து இப்படி. மே முதல் வாரத்துக்கு மார்ச் தொடக்கத்திலேயே எடுத்துவிட வேண்டும். இரண்டு பிள்ளைகளுமே பன்னிரண்டுக்குக் கீழ் என்பதால் தனிப் படுக்கை வேண்டாம் என்றால் அரை டிக்கெட், வேண்டுமென்றால் முழுக் கட்டணம். ஊட்டி, கொடைக்கானல் ஆசையிருந்தால், உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் முறை வந்திருக்கிறது, கிளம்புமுன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் மே மாதத்தில் மலைக்குப் போவது போக்குவரத்து நெரிசலில் உட்காரப் போவதுதான். பாட்டி ஊரில் பத்து நாள் இருப்பது பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிது. கிணறு, குளம், வாய்க்கால் உள்ள ஊர் என்றால் பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் தண்ணீர்ப் பக்கம் விடவே கூடாது என்று போனதுமே சொல்லிவிடுங்கள்.

அதனால்தான் வகுப்பு ஒன்று மட்டும் சேர்க்க முடியும் என்றால் நீச்சலைச் சேருங்கள் என்பேன். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கோடையில் பயிற்சி முகாம்களும் நீச்சல் வகுப்புகளும் நடத்துகிறது, தனியார் முகாம்களைவிடச் செலவு குறைவு. ஏப்ரலிலேயே விசாரியுங்கள், இடம் சீக்கிரம் நிரம்பும். மற்ற வகுப்புகளைத் தாராளமாக விட்டுவிடலாம். காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று போட்டால் கூட்டிப்போய்க் கூட்டிவரும் ஆளாக நீங்கள்தான் அலைவீர்கள்.

கடைசியாக உங்களுடைய விடுமுறை. நீங்கள் எழுதியதில் ‘நானும் கொஞ்சம்’ என்று ஒரே ஒரு வரிதான் உங்களைப் பற்றி இருந்தது. வாரத்தில் ஒரு அரை நாள், ஞாயிறு மாலை என்றே வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. வீட்டில் இருந்தால் யாராவது ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பெசன்ட் நகர் கடற்கரைக்குத் தோழியோடு போங்கள், தனியாகப் படம் பாருங்கள், உங்கள் அம்மா வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள். மளிகை வாங்குவதையும் தையல்காரரிடம் போவதையும் அந்த நேரத்தில் நுழைக்காதீர்கள். அன்றைய இரவுச் சாப்பாடு கணவர் பொறுப்பு, இட்லி மாவுதான் இருக்கிறதே. இதைக் காலண்டரில் சிவப்பு மையில் முதலிலேயே எழுதிவிடுங்கள். மற்றதெல்லாம் முடிந்தபின் பார்ப்போம் என்றால் ஜூன் வந்துவிடும்.

மே கடைசி வாரத்துக்கு என்று ஒன்றும் மிச்சம் வைக்காதீர்கள். சீருடை, ஷூ அளவு பார்ப்பது, பழைய பையைத் துவைத்துக் காயப்போடுவது எல்லாம் மே இரண்டாம் வாரத்திலேயே முடிந்தால் கடைக் கூட்டமும் இல்லை, அளவும் கிடைக்கும். புத்தகத்துக்கு அட்டை போடும் வேலையை இந்த முறை அப்பாவும் பிள்ளைகளும் பார்த்துக்கொள்ளட்டும்.